பசியை மறைக்க வேண்டாம்

கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரங்களில் உயர்கல்வி பயிலும் மாணவர்கள் பலர் முதன்முறையாக வீட்டைப் பிரிந்து வாழ்கின்றனர். கல்விக் கடனுதவி கிடைக்கத் தாமதமானால், வாடகையைக் குறைக்க முடியாது, சாப்பாட்டைத்தான் குறைப்பர். உதவி கேட்க வெட்கப்பட்டுப் பசியை மறைப்போரும் உண்டு.

இவர்களுக்காக 2019ஆம் ஆண்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் உணவு வங்கித் திட்டம் தொடங்கப்பட்டது. அரிசி, பிஸ்கட் போன்ற உலர் உணவுகள் அதன்வழி இலவசமாக வழங்கப்பட்டன. 2023இல் அறிமுகமான ரஹ்மா உணவுத் திட்டம், 5 ரிங்கிட்டுக்குள் ஒருவேளை உணவு கிடைக்க வழிவகுத்தது.

வயிறு நிரம்பினால் மட்டும் போதாது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறியும் பழமும் இருக்க வேண்டுமெனச் சுகாதார அமைச்சு அறிவுறுத்துகிறது. பிரிக்பீல்ட்ஸ் கடையில் ரொட்டி சானாய் மட்டும் உண்டு பசியாறினால், அந்த அரைப் பங்கு விடுபட்டுப்போகும்.

உடல் எடைக்கு அஞ்சி உணவைத் தவிர்ப்பதும், அளவுமீறி உண்டுவிட்டு வருந்துவதும் வெறும் பிடிவாதமல்ல. சிகிச்சை தேவைப்படும் நோயின் அறிகுறியாக இருக்கலாம். அந்நிலையில் பல்கலைக்கழகக் கிளினிக்கையோ ஆலோசகரையோ நாடலாம். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும்.

காய்ச்சலுக்கு மருந்து கேட்க யாரும் வெட்கப்படுவதில்லை. பசிக்கு உதவி கேட்பதும் அத்தகையதே. நண்பர் ஒருவர் அடிக்கடி உணவைத் தவிர்த்தால், அவரைக் கேலி செய்யாமல் உடன் உண்ண அழைப்பதே முதல் உதவியாகும்.