டவுன்லோடு முடியும் முன்பே திறக்கும் ஃபைல்!

நாற்பது வீடியோ பாடங்கள் கொண்ட டாரென்ட் ஒன்று. நாளை பரீட்சை. வேண்டியதோ ஏழாவது பாடம். "அதை மட்டும் டிக் செய்து இறக்கலாமே" என்பீர்கள். சரிதான். அதிலும் நடுவில் பத்து நிமிடம் மட்டும் போதும் என்றால்? அந்த டாரென்டையே பென் டிரைவ் மாதிரி லினக்ஸில் மவுண்ட் செய்துவிடலாம்!

டாரென்ட் என்பது என்ன?

2001-ல் பிராம் கோஹன் உருவாக்கிய முறை இது. நம்ம ரெக்கார்டு நோட்டு கதைதான். ஆளுக்குச் சில பக்கம் வைத்திருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் வாங்கி ஜெராக்ஸ் எடுத்து முழு நோட்டும் சேர்த்துவிடுவோம். ஒவ்வொரு துண்டுக்கும் ஹாஷ் என்ற முத்திரை உண்டு. முத்திரைப் பட்டியல் டாரென்ட் ஃபைலிலேயே இருக்கும்.

மவுண்ட் எப்படி நடக்கிறது?

சாதாரண புரோகிராம் ஒன்று ஃபைல் சிஸ்டமாக வேலை செய்ய உதவுவது ஃபியூஸ். 2005-ல் லினக்ஸ் 2.6.14 கெர்னலில் சேர்ந்தது. அதைப் பயன்படுத்துவதுதான் பிடிஎஃப்எஸ்.

மவுண்ட் செய்ததும் நாற்பது ஃபைல்களின் பெயரும் அளவும் ஃபோல்டரில் தெரியும். உள்ளே சரக்கு இன்னும் வரவில்லை! பிளேயர் முதல் ஃபைலில் 10,00,000-ஆவது பைட்டைக் கேட்கிறது என்று வையுங்கள். ஒரு துண்டு 2,62,144 பைட் என்றால், அது இருப்பது நான்காவது துண்டில். பிடிஎஃப்எஸ் அந்தத் துண்டை முந்தி வரவழைத்து, முத்திரையைச் சரிபார்த்து, பிளேயரிடம் கொடுக்கும். அதுவரை பிளேயர் காத்திருக்கும். அவ்வளவுதாங்க!

ஏன் படிக்க மட்டும்?

ஒரு பைட்டை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. உங்களிடமிருந்து வாங்குபவர் அந்தத் துண்டை நிராகரித்துவிடுவார். அதனால்தான் எழுத அனுமதி இல்லை.

கவனிக்க வேண்டியவை

அந்தத் துண்டு யாரிடமும் இல்லையென்றால் பிளேயர் அப்படியே நிற்கும். அன்மவுண்ட் செய்தால் இறங்கியதெல்லாம் அழிந்துவிடும். வேண்டுமென்றால் 'கீப்' ஆப்ஷனை முதலிலேயே கொடுக்க வேண்டும். நீங்கள் படிக்கும்போதே பிறருக்கும் அனுப்புகிறீர்கள். ஆகவே உரிமை இல்லாத சினிமாவை மவுண்ட் செய்தால், பார்த்தவர் மட்டுமல்ல, விநியோகித்தவரும் நீங்களே!

இன்னொன்று. வழக்கமாக டாரென்ட் அரிதான துண்டுகளை முதலில் இறக்கும். அதனால்தான் அவை அழியாமல் பரவுகின்றன. நாமோ வேண்டியதை மட்டும் எடுக்கிறோம். எல்லாரும் எடுத்தவுடன் கிளம்பிவிட்டால், அடுத்த பேட்ச் மாணவனுக்கு ஏழாவது பாடமே கிடைக்காமல் போகலாம். வேலை முடிந்தாலும் சிறிது நேரம் மவுண்டை விட்டுவையுங்கள். வாங்கிய நோட்டைத் திருப்பிக் கொடுப்பதுதானே நம் வழக்கம்!