இரண்டு ஸ்பார்க் பிளக், பன்னிரண்டு வருட வழக்கு: ஒரு பேட்டன்ட்டை எப்படிப் படிப்பது?

ஒரு ஐடியாவைக் கண்டுபிடித்துப் பதிவு செய்துவிட்டால் அதை வேறு யாரும் தொட முடியாது. பேட்டன்ட் பற்றி நம்மில் பலர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நிஜத்தில் ஐடியாவுக்கு யாரும் பேட்டன்ட் தருவதில்லை. விண்ணப்பத்தின் கடைசியில் வரிசை எண் போட்டு எழுதப்படும் சில வாக்கியங்களுக்குத்தான் பாதுகாப்பு. அவற்றுக்குப் பெயர் உரிமைக்கோரல், அதாவது கிளெய்ம். மேலே இருக்கும் பக்கம் பக்கமான விளக்கமும் படங்களும் அந்த வாக்கியங்களைப் புரிந்துகொள்ள உதவுபவை, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள நம்ம பக்கத்து உதாரணமே ஒன்று இருக்கு. பஜாஜுக்கும் டிவிஎஸ்ஸுக்கும் நடந்த வழக்கு. டிவிஎஸ் மோட்டார் தொழிற்சாலை இருக்கும் ஓசூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 பிப்ரவரி வரை தருமபுரி மாவட்டம்தான். பஜாஜ் இந்த பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தது 2002 ஜூலை 16. அன்றைக்கு ஓசூர் நம்ம மாவட்டத்தில்தான் இருந்தது.

எதற்கு இரண்டு பிளக்?

மைலேஜ் வேண்டும் என்றால் காற்றில் கலக்கும் பெட்ரோலின் அளவைக் குறைக்கணும். ஆனால் பெட்ரோல் குறைந்த கலவை மெதுவாகத்தான் எரியும். ஒரு ஓரத்தில் ஒரே பிளக் இருந்தால், தீ மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் பிஸ்டன் கீழே இறங்க ஆரம்பித்துவிடும். எதிரெதிரே இரண்டு பிளக் வைத்தால் தீ கடக்கும் தூரம் ஏறக்குறைய பாதியாகிறது. கலவை சீக்கிரமாக, முழுசாக எரிகிறது.

இரண்டு பிளக் ஒன்றும் புதுசு இல்லை. விமான பிஸ்டன் இன்ஜின்களில் ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று பல காலமாகவே இரண்டு வைக்கிறார்கள். பைக் இன்ஜினில் சிக்கல், இடம். சின்ன சிலிண்டரின் தலையில் வால்வுகளையும் வைத்து, இன்னொரு பிளக்கையும் செருகி, அதில் ஆயில் படாமலும் பார்த்துக்கொள்ளணும். பஜாஜ் இதைச் செய்து 2003-ல் டிடிஎஸ்-ஐ பல்சரைக் கொண்டுவந்தது. 2005-ல் 195904 என்ற எண்ணில் பேட்டன்ட் கிடைத்தது.

கிளெய்ம் என்பது ஒரு இஃப் கண்டிஷன்

கோடு எழுதுபவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அந்த பேட்டன்ட்டின் முதல் கிளெய்மை உடைத்தால் முக்கியமாக இவை கிடைக்கும்:

1. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், சிலிண்டருக்கு இரண்டு வால்வு
2. பெட்ரோல் குறைந்த கலவை
3. சிலிண்டர் உள்விட்டம் 45 முதல் 70 மி.மீ.க்குள்
4. எதிரெதிரே இரண்டு ஸ்பார்க் பிளக்
5. ஒரு பிளக்காவது ஆயில் படாதபடி குழல் போன்ற உறைக்குள்

ஐந்தும் 'ட்ரூ' ஆனால் மீறல். ஒன்று 'ஃபால்ஸ்' ஆனாலும் மீறல் இல்லை என்பதுதான் அடிப்படை விதி. ஆனால் நீதிமன்றம் கம்பைலர் மாதிரி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதில்லை. எந்த அம்சம் கண்டுபிடிப்பின் உயிர்நாடி, எது மேலோட்டமானது என்றும் பார்க்கும். சண்டையே அங்கேதான்.

2007 டிசம்பரில் டிவிஎஸ் 125 சிசி ஃப்ளேமை அறிமுகப்படுத்தியது. உள்விட்டம் 54.5 மி.மீ., பிளக் இரண்டு. ஆனால் வால்வு மூன்று. வால்வு எண்ணிக்கை முக்கியமில்லை, இரண்டு பிளக்தான் சாரம் என்றது பஜாஜ். இரண்டு பிளக் ஏற்கெனவே இருப்பதுதான், அமெரிக்காவில் ஹோண்டா வாங்கிய பழைய பேட்டன்ட்டே இருக்கு, எங்கள் இன்ஜின் வேறு என்றது டிவிஎஸ்.

பஜாஜுக்கு இருந்த இக்கட்டைக் கவனியுங்கள். 'சின்ன இன்ஜினில் இரண்டு பிளக் வைத்தாலே எங்களுடையது' என்று அகலமாகச் சொன்னால், அது பழசு என்று பேட்டன்ட்டே ரத்தாகும் ஆபத்து. 'இரண்டு வால்வோடு சேர்ந்தால் மட்டும்' என்று சுருக்கினால், மூன்று வால்வு நழுவிப் போய்விடும். கிளெய்ம் எழுதுகிற எல்லோருக்கும் இதே இக்கட்டுதான். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு ஹீட்சிங்க்கோ லேப்டாப் கீலோ எதுவானாலும், ஒவ்வொரு நிபந்தனை சேர்க்கும்போதும் பேட்டன்ட் கிடைப்பது சுலபமாகும், பாதுகாப்பு சுருங்கும்.

நடந்தது என்ன?

2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் டிவிஎஸ்ஸுக்கு இடைக்காலத் தடை விதித்தது. டிவிஎஸ் ஒரே பிளக்கோடு ஃப்ளேமை விற்றது. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. பஜாஜ் உச்ச நீதிமன்றம் போனது. 2009 செப்டம்பர் 16 அன்று, டிவிஎஸ் விற்கலாம், ஆனால் கணக்கு வைத்திருக்கணும் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட வழக்குகளைத் தினமும் விசாரித்து பொதுவாக நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும் என்றது. இந்த வழக்குக்குக் கெடு அந்த நவம்பர் 30.

முடிந்தது 2019-ல். அதுவும் தீர்ப்பால் இல்லை, இரு கம்பெனிகளும் சமரசம் ஆனதால். மூன்று வால்வு இன்ஜின் அந்த கிளெய்முக்குள் வருமா என்ற கேள்விக்கு இறுதி விடை கிடைக்கவே இல்லை. பேட்டன்ட்டின் ஆயுளே இருபது வருடம். அதில் பன்னிரண்டு வழக்கில் போய்விட்டது. பஜாஜும் டிவிஎஸ்ஸும் தாங்கினார்கள். ஒரு சின்ன பட்டறைக்காரர் தாங்குவாரா?

நமக்கு என்ன பயன்?

ஓசூரிலோ தருமபுரியிலோ ஜிக், ஃபிக்ஸ்சர், விவசாயக் கருவி என்று புதுசாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஆரம்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். பரிசோதனைக்கும் மற்றவற்றுக்கும் தனியாகக் கட்டணும். கண்காட்சியில் காட்டுவது, யூடியூபில் போடுவது எல்லாம் விண்ணப்பித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முன்னாலேயே வெளியே தெரிந்துவிட்டால் 'புதுசு' என்ற தகுதி பொதுவாகப் போய்விடும். கிளெய்ம் எழுத மட்டும் விஷயம் தெரிந்த ஒருவரிடம் செலவு செய்யுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் நிற்கப்போவது அந்த வாக்கியங்கள்தான்.

விண்ணப்பிக்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் ஒரு லாபம் இருக்கு. பேட்டன்ட் ஆவணங்களை இந்திய காப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். 195904-ன் இருபது வருடம் 2022 ஜூலையோடு முடிந்துவிட்டது. அதில் எழுதியிருப்பதை இனி யார் வேண்டுமானாலும் செய்யலாம். எண்ணைப் போட்டுத் தேடி, கடைசிப் பக்கங்களுக்குப் போய் முதல் கிளெய்மை மட்டும் நிபந்தனை நிபந்தனையாக உடைத்துப் பாருங்கள். ஒன்று பழகிவிட்டால் அடுத்த பேட்டன்ட் பயமுறுத்தாது.