தலைவலியில் தனிமை வேண்டாம்



"வெறும் தலைவலிதானே!" என்று நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்! ஆனால் அறையை இருட்டாக்கிக்கொண்டு, சிறு சத்தத்தையும் தாங்கக்கூடாமல், வாந்தியோடு படுத்திருக்கும் ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். அது சோம்பலும் அல்ல, பாசாங்கும் அல்ல, விசுவாசக் குறைவும் அல்ல. மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி, மூளையையும் நரம்புகளையும் சார்ந்த ஒரு நோயாகும்.

சிகிச்சை பெறாவிடில் இவ்வலி 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். பெங்களூரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வொன்றில், 18 முதல் 65 வயது வரையுள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஓராண்டிற்குள் மைக்ரேனால் துன்புற்றிருந்தது தெரியவந்தது. ஆண்களைவிடப் பெண்களையே இது அதிகமாய்த் தாக்குகிறது.

பிழைப்பைத் தேடி மும்பைக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் வந்த நமக்கு, விடுப்பு எடுத்தால் சம்பளம் போய்விடும். மருத்துவரிடம் விளக்கிச் சொல்லவும் மொழி போதாது. ஆகவே மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுகிறோம். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பாரசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, பல மருந்துகள் கலந்த வலி மாத்திரைகளை 10 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேலாக உட்கொண்டுவந்தால், அம்மாத்திரைகளே தலைவலிக்குக் காரணமாகிவிடக்கூடும்.

இன்றே ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். வலி வந்த தேதி, தொடங்கிய நேரம், நீடித்த மணி, வாந்தி உண்டா, முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எந்த வேளை உணவைத் தவறவிட்டீர்கள், எத்தனை மாத்திரை உட்கொண்டீர்கள் என்பவற்றை எழுதிவாருங்கள். பெண்கள் மாதவிலக்கு நாட்களையும் குறித்துக்கொள்ளட்டும். ஒரு மாதக் குறிப்போடும், அவ்வூர் மொழி அறிந்த ஒருவரோடும் மருத்துவரிடம் செல்லுங்கள். உங்கள் நாவு தடுமாறினாலும் அந்த நோட்டு பேசும். வலியை நிறுத்தும் மருந்துகளும், அடிக்கடி வராமல் தடுக்கும் மருந்துகளும் தனித்தனியே உண்டு. உங்களுக்கு ஏற்றதை அவரே தீர்மானிப்பார். மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவையின் மூலம் கைபேசியிலேயே கட்டணமின்றி ஆலோசனை பெறவும் வழியுண்டு.

சில அடையாளங்களைக் கண்டால் தாமதிக்கவே கூடாது. திடீரென்று தாக்கும், முன்பு அறியாத கடும் வலி. காய்ச்சலோடு கழுத்து விறைத்தல். கைகால் பலவீனம் அல்லது பேச்சுக் குழறல். தலையில் அடிபட்ட பின் வரும் வலி. இவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தால் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். 50 வயதிற்கு மேல் முதன்முறையாகத் தலைவலி தொடங்கினாலும் மருத்துவரைக் காணத் தவறாதீர்கள்.

பட்டினியும் தூக்கக் குறைவும் அநேகருக்கு இவ்வலியைத் தூண்டுகின்றன. ஆகையால் உபவாசத்திலோ முழு இரவு ஜெபத்திலோ கலந்துகொள்ள இயலாத சகோதரியைக் குறைவாய் எண்ணாதிருப்போம். கணவன்மாரே, மனைவி படுத்திருக்கும்போது விளக்கை அணையுங்கள், தொலைக்காட்சியை நிறுத்துங்கள், பிள்ளைகளுக்கு நீங்களே உணவளியுங்கள். "உன் வலி உண்மையானது என்று நான் அறிவேன்" என்று சொல்லுங்கள். தூர தேசத்தில் உறவினரைப் பிரிந்து வாழும் அவளுக்கு, அந்த ஒரு வார்த்தை எத்தனை ஆறுதல்!