கரையோரப் புத்தகங்கள்: முத்துப்பாரும் ஒரு பகிடி நாவலும்

போன கிழமை மன்னார்க் கரையின் அரிப்பில், ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய டொரிக் மாளிகையின் இடிபாட்டில் நின்றோம். இந்தக் கிழமைப் புத்தகத்தில் கடலே இல்லை. அமெரிக்கரான போனி கார்மஸ், அறுபது வயதைத் தாண்டிய பிறகு 2022இல் வெளியிட்ட முதல் நாவல், ‘லெசன்ஸ் இன் கெமிஸ்ட்ரி’.

கதை நடப்பது 1950கள், 60களின் கலிபோர்னியாவில். எலிசபெத் ஸொட் இரசாயனவியலாளர். ஆய்வுக்கு முகவை எடுக்கப் போனால், யாரோ ஒருவரின் செயலாளர் என்று நினைக்கிறார்கள். மேலதிகாரி அவளுடைய ஆய்வைத் தன் பெயரில் வெளியிட்டுக்கொள்கிறான். கலியாணம் ஆகாமல் கர்ப்பமானதால் வேலையும் போகிறது. கடைசியில் தொலைக்காட்சியில் சமையல் சொல்லிக் கொடுக்கும் வேலை கிடைக்கிறது. அங்கே உப்பைச் சோடியம் குளோரைட்டு என்றே சொல்கிறாள். பார்க்கும் இல்லத்தரசிகள் குறிப்பெடுக்கிறார்கள்.

எலிசபெத் ஒரு பகிடியும் விடுவதில்லை. கேட்ட கேள்விக்கு நேரான பதில் சொல்கிறாள், அவ்வளவுதான். கேட்டவன் விழிக்கிறான், நமக்குச் சிரிப்பு வருகிறது. ‘ஆறரை’ என்று நேரத்தையே பெயராகக் கொண்ட அவள் வீட்டு நாய்க்கு, அவளுடைய மேலதிகாரிகளை விட விஷயம் விளங்குகிறது.

இதை வாசிக்கும்போது எனக்கு நினைவில் வந்தது ஹெர்ட்மனின் அறிக்கை. 1891க்குப் பிறகு மன்னார்ப் பார்களில், அதாவது கடலடி முத்துச்சிப்பிப் படுகைகளில், பல வருடம் முத்துக்குளிப்பே இல்லை. சிப்பிகளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க இலங்கை அரசாங்கம் லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனை அழைத்தது. 1902இல் அவரும் உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னலும் ‘லேடி ஹவ்லொக்’ கப்பலில் பார் பாராகத் தேடினார்கள். அள்ளியது சிப்பி மட்டுமல்ல. கடற்பஞ்சு, நண்டு, பவளம், புழு எல்லாம் இங்கிலாந்து போய், அந்தந்தத் துறை அறிந்தவர்களிடம் பிரித்துக் கொடுக்கப்பட்டன. 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக அறிக்கை வந்தது.

அதற்குள் பெண்களும் இருக்கிறார்கள். லோரா ரோஸ்கோ தோர்ன்லி, ஈடித் பிராட். பிராட்டுக்குக் கிடைத்தது மென்பவளங்கள். தோர்ன்லிக்கு ஹைட்ரோயிட்டுகளும், பொலிசோவா என்கிற பாசி போன்ற பிராணிகளும். பொலிசோவாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும், பெயர்தான் தெரிந்திராது: சிப்பி ஓட்டின் மேல் வலைப்பின்னலாக ஒட்டிக் கிடக்குமே, அழுக்கென்று நினைத்துச் சுரண்டி எறிவோமே, அது. தனி உயிர் ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றர் கூட வராது. நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து ஒவ்வொரு இனமாகப் பிரிக்க வேண்டும். முத்துக்குக் கிடைக்கிற கவனத்தில் தூசியளவும் இதற்குக் கிடைக்காது.

அறிக்கையை வெளியிட்டது லண்டன் ரோயல் சொசைட்டி. அந்தச் சொசைட்டி பெண்களை உறுப்பினராக ஏற்றது 1945இல்தான். அதாவது, தோர்ன்லியின் எழுத்துக்கு வாசல் திறந்திருந்தது, ஆளுக்கு இல்லை. எலிசபெத் ஸொட்டிடம் இதைச் சொன்னால், முகம் மாறாமல் ஒரு கேள்வி கேட்பாள், சொசைட்டிக்காரர் விழிப்பார்.

ஆனாலும் பெயர் திருடப்படவில்லை. தோர்ன்லியின் பெயர் தோர்ன்லியின் கட்டுரையில்தான் இருக்கிறது. நாவலில் வருவது போல வில்லன் இல்லாததால், இவர்களை வைத்து யாரும் நாவல் எழுதமாட்டார்கள் போலும்.

நாவலில் எனக்கொரு குறை. எலிசபெத் அனேகமாகப் பிழைவிடுவதே இல்லை. விஞ்ஞானிகள் அப்படி இருப்பதில்லை. ஹெர்ட்மனையே பாருங்கள். நாடாப்புழுவின் குடம்பி சிப்பிக்குள் செத்து, அதைச் சுற்றித்தான் முத்து வளர்கிறது, அந்தப் புழு முதிர்வது திருக்கையின் குடலில் என்று அவரும் ஹோர்னலும் முடிவுகட்டினார்கள். மகாராணிகள் கழுத்தில் போட்டுக்கொண்டது புழுவின் கல்லறை என்றால் அது நல்ல பகிடிதான். ஆனால் அந்தக் கொள்கை நிலைக்கவில்லை. எலிசபெத்துக்கும் ஒரு நல்ல கொள்கையைக் கொடுத்து, அதை ஒரு அத்தியாயத்தில் சரியவிட்டிருந்தால் நான் இன்னும் நம்பியிருப்பேன்.

அடுத்த கிழமை: சென்னை மாகாண மீன்பிடித்துறைக்குப் போன ஹோர்னல், சங்கைப் பற்றி 1914இல் எழுதிய நூல்.