கலாநிதிப் பட்டத்தின் பின்

கலாநிதிப் பட்டம் பெற்றவுடன் கல்வி முற்றுப்பெற்றது என எண்ணுவார் நம்மிற் பலர். மேல்நாடுகளிலோ அஃது ஆராய்ச்சியாளனின் பயிற்சிக்காலத்திற் பாதி வழியேயாம். அதன் பின்னர்ச் சில வருடங்கள், பேராசிரியர் ஒருவரின் ஆய்வுகூடத்தில் வேதனம் பெற்று ஆராய்ச்சி செய்யும் பதவியொன்று உண்டு. நம் பழைய மாணவருள்ளும் இதனை நாடுவோர் இருப்பராதலின், ஜேர்மனியின் மியூனிக் தொழில்நுட்பச் சர்வகலாசாலையை உதாரணமாகக் கொண்டு அப்பதவியின் இயல்பை விளக்க முற்படுகின்றோம்.

1868இலே தொடங்கிய அந்நிலையத்திற்குக் கலாநிதிப் பட்டம் வழங்கும் உரிமை 1901இலேதான் கிடைத்தது. அங்கு 1958இற் பட்டம் பெற்ற றுடோல்வ் மொஸ்பவர், 1960இற் கலிபோர்னியாத் தொழில்நுட்ப நிலையத்திற்கு ஆராய்ச்சியாளராகச் சென்றார். அடுத்த வருடமே, தமது 32ஆம் வயதில், பௌதிகத்திற்கான நோபல் பரிசிற் பாதியைப் பெற்றார். 1964இல் மியூனிக்கிற்கு மீண்டபோது, பேராசிரியர் பலர் சமமாக இயங்கும் அமெரிக்க முறையிலே பௌதிகத்துறையை அமைக்கவேண்டுமெனக் கேட்டுப் பெற்றார். எல்லாரும் மொஸ்பவர் ஆகார். ஆயினும் வெளியே சென்று மீள்வதன் பயனுக்கு இது நல்ல சான்று.

இப்பதவியை அடைய வழிகள் இரண்டு. பேராசிரியர் தாம் பெற்ற ஆராய்ச்சி நிதியிலிருந்து ஆளை நியமிப்பது ஒன்று. இதற்குப் பெரும்பாலும் பொதுச்சேவையின் 13ஆம் தர வேதனமும், மருத்துவ, இளைப்பாற்றுச் சம்பளக் காப்புறுதிகளும் உண்டு. ஆனால் ஆராயும் பொருள் பேராசிரியருடையது. நிதி தீர்ந்தாற் பதவியும் தீரும். மற்றையது, புலமைப்பரிசிலைத் தாமே வென்று செல்வது. 1953இல் இன்றைய உருவிற் பிறந்த அலெக்சாந்தர் வொன் ஹம்போல்ட் நிறுவனம் எந்நாட்டினருக்கும் இதனை வழங்குகின்றது. பொருளையும் பேராசிரியரையும் விண்ணப்பிப்பவரே தெரிந்துகொள்வர். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரிப் பரிசிலும் உண்டு. விண்ணப்ப இறுதி நாளுக்கு முந்திய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் அந்நாட்டில் வசித்தவருக்கு அது கிட்டாது. முதலிற் போய்ச் சேர்ந்துவிட்டு ஆறுதலாக விண்ணப்பிப்போம் என்றிருப்போர் இவ்விதியை அறிதல் வேண்டும். சுதந்திரத்தை விரும்புவோருக்கு இரண்டாம் வழியே சிறந்ததென்பது எம் கருத்து; குடும்பத்தோடு செல்பவர் முதலாவதன் காப்புறுதியை இலேசாக எண்ணலாகாது.

இனி, பலரும் கவனியாத ஒன்று. பட்டத்தின் பின் தவணைப் பதவியில் இருக்கக்கூடிய காலத்தை ஜேர்மனியின் 2007ஆம் வருடச் சட்டம் பொதுவாக 6 வருடங்களாக வரையறுத்தது, மருத்துவத்திற்கு 9. பிள்ளைகளை வளர்ப்போருக்குச் சலுகையுண்டு. அதற்கப்பால் வெளிநிதியிலான திட்டமோ நிரந்தரப் பதவியோ கிடைக்கவேண்டும், பின்னையது அரிது. இம்முறையைப் புகழ்ந்து அரசாங்கம் 2018இல் வெளியிட்ட சிறு படத்திலே ஹன்னா என்னும் கற்பனைப் பாத்திரமொன்று வந்தது. ஒரு தலைமுறையினரே பதவிகள் யாவற்றையும் அடைத்துக்கொள்ளாதிருக்க இதுவே வழியென்றது அப்படம். 2021இல் ஆராய்ச்சியாளர் ஆயிரக்கணக்கானோர் “நானே ஹன்னா” என்றெழுதித் தம் நிச்சயமற்ற வாழ்வை எடுத்துரைத்தனர்.

ஆகவே நியமனக் கடிதத்தைக் கண்டவுடன் பயணச்சீட்டு வாங்கற்க. பணம் எவருடையது, எத்தனை மாதங்களுக்கு என்பதைக் கேட்டறிக. அவ்வாய்வுகூடத்தில் முன்பிருந்தோர் இப்பொழுது எங்குள்ளாரென வினவுவது இன்னும் பயன்தரும். பேராசிரியருக்கு எழுதுமுன் அவரது அண்மைக் கட்டுரைகளிற் சிலவற்றையேனும் படித்திருத்தல் வேண்டும். ஆய்வுகூடத்திற் பெரும்பாலும் ஆங்கிலம் போதும். வீட்டு வாடகை உடன்படிக்கையை வாசிக்க ஜேர்மன் மொழி வேண்டும். மியூனிக்கில் அவ்வாடகையும் பெரிது.