மாதிரி ராக்கெட்டுக்கு மலிவான வெள்ளைப் பூச்சு எது?

2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் ஏவப்பட்டது. அதற்கு முந்தைய நாள் இஸ்ரோ விஞ்ஞானிகள் அந்த விண்கலத்தின் சிறிய மாதிரி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு திருமலைக்குச் சென்று ஏழுமலையானை வழிபட்டனர். ராக்கெட் ஏவுவதற்கு முன் இவ்வாறு மாதிரியுடன் மலையேறுவது இஸ்ரோவில் பல்லாண்டுப் பழக்கம். ஸ்ரீஹரிகோட்டாவோ, 2022இல் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைந்த திருப்பதி மாவட்டத்திலேயே இருக்கிறது. பள்ளிக் கண்காட்சி என்றதும் இவ்வட்டாரப் பிள்ளைகளின் மனம் ராக்கெட்டை நாடுவதில் வியப்பில்லை.

ஆனால் செலவு தகப்பனார் தலையில்தான் விழுகிறது. சித்தூரிலும் திருப்பதியிலும் வேலை பார்த்து, ஊருக்கும் பணம் அனுப்பும் குமாஸ்தாவுக்கும் தொழிலாளிக்கும் இது சிறு செலவல்ல. ராக்கெட்டின் உடலைப் பழைய அட்டையிலும் உடைந்த குழாயிலும் செய்துவிடலாம். வண்ணத்திற்குத்தான் கடைக்குப் போக வேண்டும். அங்கேயும் முதலில் தேவைப்படுவது, மேல் வண்ணத்திற்கு அடியில் பூசும் வெள்ளை பிரைமர்.

வெள்ளை எதற்கு?

மஞ்சள், காவி, சிவப்பு ஆகியவை பெரும்பாலும் அடியில் உள்ளதை முழுமையாக மறைக்காத நிறங்கள். பழுப்பு அட்டையின் மேல் நேராகக் காவி அடித்தால் தேசியக் கொடி சேறு பூசியது போல் தெரியும். வெள்ளையின் மேல் அடித்தால் ஒரே கையில் துலங்கும். மேலும், பிரைமர் பரப்பைப் பற்றிக்கொண்டு, மேல் வண்ணம் உரியாமல் காக்கிறது. கொண்டபல்லி பொம்மைக்காரர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். மென்மரத்தில் பொம்மையைச் செதுக்கி, புளியங்கொட்டைப் பசையால் பகுதிகளை ஒட்டி, வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய பிறகே அவர்கள் வண்ணத்தைத் தொடுகிறார்கள்.

விலையில் ஏன் வித்தியாசம்?

பெயின்டில் அடித்தளத்தை மறைக்கும் வெண்மையைத் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. கேரளத்தின் சவரா, குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி ஆகிய கடற்கரைகளின் கருமணலில் இருக்கும் இல்மனைட் தாதுவிலிருந்து இது எடுக்கப்படுகிறது. இதன் விலை அதிகம். ஆகவே மலிவு பிரைமர்களில் இதைக் குறைத்துச் சுண்ணாம்புத் தூளைக் கூட்டுகிறார்கள். சுண்ணாம்புத் தூள் பசையில் காய்ந்தால் வெள்ளையாக இருக்கும். எண்ணெயில் கலந்தால் மங்கிவிடும். இரண்டு கை போதும் என்ற இடத்தில் நாலு கை அடிக்க நேரிட்டால் மலிவு எங்கே?

எதற்கு எது?

அட்டை, காகிதக் குழாய்: சுவருக்கு அடிக்கும் தண்ணீர் கலக்கும் வெள்ளை அக்ரிலிக் பிரைமரே சிக்கனமானது. முதல் கை மிக லேசாக இருக்க வேண்டும். நனைந்தால் அட்டை உப்பிவிடும்.

தெர்மோகோல்: இதற்கும் தண்ணீர் பிரைமர் மட்டுமே. தின்னர் கலந்த பெயின்டோ, அழுத்தி அடிக்கும் ஸ்ப்ரே டப்பாவோ பட்டால் தெர்மோகோல் கரைந்து குழி விழும். இரவு முழுவதும் பிள்ளை செய்த வேலை ஒரு நிமிடத்தில் பாழாகும்.

பி.வி.சி. குழாய்: வழவழப்பில் பிரைமர் நிற்காது. நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, பிறகு அடிக்க வேண்டும்.

தகரம்: முதலில் இரும்புக்கான பிரைமர், அதன் மேல் வெள்ளை.

கடையில் தெலுங்கில் கேட்பவர்கள் ‘தெல்ல பிரைமர்’ என்பதோடு, தண்ணீர் கலப்பதா, தின்னர் கலப்பதா என்பதையும் கேட்டு வாங்குவது நல்லது.

எவ்வளவு வேண்டும்?

சந்திரயானைச் சுமந்து சென்ற எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் உயரம் 43.5 மீட்டர். நூறில் ஒரு பங்காகச் செய்தால் 43.5 சென்டிமீட்டர். நடு உடல் 4 சென்டிமீட்டர் குறுக்களவு. இருபுறமும் சுமார் 25 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு பூஸ்டர்கள். மொத்தப் பரப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு சதுர மீட்டர். ஒரு லிட்டர் பிரைமர் சுமார் 10 சதுர மீட்டருக்கு ஒரு கை வரும். எனவே ஒரு கைக்கு 10 மில்லி போதும். காற்றில் பாதி வீணாகும் என்று வைத்தாலும் இரண்டு கைக்கு 40 மில்லிதான். ஒரு லிட்டர் டப்பாவில் 25 ராக்கெட்டுகளுக்கு அடிக்கலாம்! வகுப்புத் தோழர்களின் பெற்றோர் நாலு பேர் சேர்ந்து ஒரு டப்பா வாங்கினால் செலவு கால்வாசியாகிவிடும்.

ஏர்பிரஷ் பக்குவம்

ஏர்பிரஷ் முனையின் துளை அரை மில்லிமீட்டருக்கு மேல் போவது அரிது. சுவர் பிரைமரில் உள்ள திப்பி அதை அடைத்துவிடும். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, பால் பதத்திற்குத் தண்ணீர் சேர்க்க வேண்டும். தண்ணீர் கலந்த மிச்சத்தைத் திரும்ப டப்பாவில் ஊற்றக் கூடாது, கெட்டுவிடும். காற்றழுத்தம் 20 பவுண்டு அளவில் இருக்கலாம். ஒரு சாண் தூரத்துக்குள் பிடித்து, கையை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். ஒரு கை காய்ந்த பிறகே அடுத்த கை. ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்பது இந்த அளவில் நிஜ ராக்கெட்டின் பத்து சென்டிமீட்டருக்குச் சமம். கனமாகப் பூசினால் நுட்பமான கோடுகள் எல்லாம் மூடிப்போகும்.

ஏர்பிரஷ் இல்லாதவர்கள், மோட்டார் சைக்கிள்களுக்கு வண்ணம் அடிக்கும் பட்டறையில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அங்கே தின்னர் பெயின்டு இருக்கும் என்பதால் தெர்மோகோல் மாதிரியைக் கொண்டுபோகக் கூடாது.

எச்சரிக்கை

வீட்டில் கிடக்கும் பழைய பெயின்டு டப்பாவைப் பிள்ளையிடம் கொடுப்பது சிக்கனமல்ல. வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதி, 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாக்களில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். புது டப்பாவிலும் ‘ஈயம் கலவாதது’ என்ற குறிப்பைப் பார்த்து வாங்க வேண்டும்.

எந்தப் பூச்சானாலும் புகைபோல் அடிக்கும்போது மூச்சில் ஏறும். மாடியிலோ முற்றத்திலோ வைத்து, முகக்கவசம் அணிந்து அடிக்க வேண்டும். தின்னரின் ஆவியைச் சாதாரணத் துணிக்கவசம் தடுக்காது. அருகே அடுப்பும் எரியக் கூடாது.

முழு ராக்கெட்டுக்கும் அடிக்கும் முன், மிஞ்சிய துண்டு ஒன்றில் அடித்து ஒரு நாள் காயவிட்டு, செலோடேப்பை ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளை உரிந்து வராவிட்டால், தயக்கமின்றி ராக்கெட்டுக்கு அடிக்கலாம்.