ஒரு சொல்லும் பல நீர்நிலைகளும்

ஒரு சொல்லின் பொருளை அகராதி மட்டும் முடிவு செய்வதில்லை. அச்சொல் வழங்கும் இடமும் முடிவு செய்கிறது. 'டேங்க் நிறைந்துவிட்டது' என்னும் தொடரைக் காண்போம். பெட்ரோல் நிலையத்தில் அது வண்டியின் எரிபொருள் கலத்தைச் சுட்டும். வீட்டிலோ மாடியிலுள்ள நீர்த்தொட்டியைச் சுட்டும். மோட்டாரை நிறுத்த வேண்டும் என்பது குறிப்பு. புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் ஆங்கில ஆவணத்தில் அது கண்மாயைச் சுட்டும். இவ்வாண்டு நெல் விளையும் என்பது குறிப்பு.

சொல் வந்த வழி

ஆங்கிலேயர் வணிகத்தின்பொருட்டு இந்தியாவிற்கு வந்த பதினேழாம் நூற்றாண்டில் இச்சொல் அவர்தம் எழுத்துகளில் இடம்பெறத் தொடங்கியது. குசராத்தி, மராத்தி மொழிகளில் நீர்த்தொட்டியைக் குறித்த சொல்லே இதற்கு மூலம் என்பர். ஒலியாலும் பொருளாலும் இதனையொத்த போர்ச்சுக்கீசியச் சொல்லும் இதன் பரவலுக்குத் துணைநின்றது. நீரைத் தேக்குவது என்னும் அடிப்படைப் பொருளிலிருந்து எண்ணெய்க்கலம், மீன்தொட்டி, கழிவுநீர்த்தொட்டி எனப் பொருள் விரிந்தது.

முதல் உலகப்போரில் பிரித்தானியர் உருவாக்கிய கவச ஊர்தியைப் பகைவர் அறியாதிருக்க, அதனை நீர்த்தொட்டி என்று பொருள்படும் இச்சொல்லால் வழங்கினர். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சொம் போர்க்களத்தில் அவ்வூர்தி முதன்முதலாக இறங்கியது. மறைப்பதற்கு இட்ட பெயரே நிலைத்த பெயராயிற்று. அறிஞர் கூடி ஆராயும் அமைப்பையும் இன்று இச்சொல்லோடு இணைத்து வழங்குகின்றனர். தமிழில் அதனைச் 'சிந்தனைக் குழு' என்கிறோம்.

தமிழின் நுண்மை

ஆங்கிலம் ஒரே சொல்லால் சுட்டிய நீர்நிலைகளைத் தமிழ் அவற்றின் பயன் நோக்கிப் பிரித்தறிந்தது. மடைவழி வயலுக்கு நீர் தருவது கண்மாய். வடமாவட்டங்களில் இதனை ஏரி என்பர். ஊரார் உண்ணும் நீருக்கென அமைந்தது ஊருணி. கோயில் திருவிழாவில் தெப்பம் மிதப்பது தெப்பக்குளம். சிறிய பாசன நீர்நிலை ஏந்தல். புதுக்கோட்டை நகரை அடுத்த கவிநாட்டு நீர்நிலை கண்மாய். நகருக்குள் இருக்கும் பல்லவன் குளமோ குளம். சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில் மீன்களும் அன்னங்களும் தாமரை பறிப்போரும் விளங்கத் தீட்டப்பெற்றிருப்பது தாமரைப் பொய்கை.

இவை வெறும் பெயர் வேறுபாடுகள் அல்ல. ஒவ்வொரு பெயரிலும் ஒரு கடமை அடங்கியுள்ளது. ஊருணி என்றால் அதில் குளித்தலும் கால்நடைகளை இறக்குதலும் கூடா. கண்மாய் என்றால் வரத்துக்கால், கரை, மடை, கலிங்கு ஆகிய நான்கையும் பேண வேண்டும். கலிங்கின்வழி வழியும் மிகைநீர் அடுத்த கண்மாய்க்குச் செல்லும். ஆதலின் ஒரூரார் கால்வாயை அடைத்தால் கீழூரார் வயல் காயும்.

இழப்பும் காப்பும்

ஊருணி என்பதை ஆங்கிலத்தில் 'டேங்க்' என எழுதி, அதனை மீண்டும் தமிழாக்குவோர் 'குளம்' என எழுதினால், நீர்நிலை அங்கேயே இருக்கும். அதற்குரிய கட்டுப்பாடு மட்டும் நீங்கிவிடும். பயன் மறந்த நீர்நிலை விரைவில் வெற்றிடமாகத் தோன்றும். சென்னையில் ஆங்கிலேயர் 'நெடிய டேங்க்' என்று பொருள்பட வழங்கிய மாம்பலம் ஏரி 1920களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட்' என்னும் ஏரிக்கரைப் பெயர் சாலைக்கு இருக்கிறது; ஏரி இல்லை.

ஆதலின், மொழிபெயர்ப்போர் முதலில் வினவ வேண்டியது, 'இச்சொல்லுக்கு நேர்ச்சொல் யாது?' என்பதன்று; 'இங்கு இது என்ன பணி செய்கிறது?' என்பதே. மாணவர்களே, உங்கள் ஊரின் நீர்நிலைகளை முதியோரிடம் கேட்டு, அவற்றின் உரிய பெயர்களோடு பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றிற்கும் நீர் வரும் வழியையும் வெளியேறும் வழியையும் அதனருகே குறியுங்கள். அப்பட்டியல் மொழிப்பயிற்சியாக அமைவதோடு, ஊரின் நீருக்குரிய ஆவணமாகவும் விளங்கும்.